கடைசிப் பக்கத்தின் அடிவரி: வடசென்னைப் பகுதிப் பத்திரிகை ஒன்றின் வரலாற்றைத் தொகுப்பது எப்படி

வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, ராயபுரம், பெரம்பூர், திருவொற்றியூர் பக்கமெல்லாம் நாலு பக்கப் பத்திரிகைகள் வந்து நின்று போயிருக்கின்றன. டீக்கடை பெஞ்சிலும் சலூனிலும் கட்சிப் படிப்பகத்திலும் ஒரு வாரம் கிடந்துவிட்டு, அடுத்த வாரம் பஜ்ஜிக்கு எண்ணெய் ஒற்றப் போனவை. அப்படி ஒன்றின் வரலாற்றை எழுத உட்காருகிறவர்கள் வழக்கமாக முதல் வேலையாக ஆசிரியரின் மகனைத் தேடிப் போய், "அப்பா எந்த வருஷம் ஆரம்பிச்சார்?" என்று கேட்கிறார்கள். அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. குடும்பத்தார் சொல்லும் வருஷத்தைக் கேட்டுவிட்டால், பிறகு கண்ணில் படுகிற ஆதாரமெல்லாம் அதற்கேற்ப வளைந்துவிடும்.

முதலில் கையில் கிடைத்த ஓர் இதழைத் திருப்பி, கடைசிப் பக்கத்தின் அடியில் இருக்கும் பொடி எழுத்து வரியைப் படியுங்கள். அச்சகத்தார் அதை 'இம்ப்ரிண்ட்' என்பார்கள். இன்னார் அச்சகத்தில் அச்சிட்டு, இந்த முகவரியிலிருந்து இன்னார் வெளியிட்டது, ஆசிரியர் இன்னார் என்று இருக்கும். 1867-ஆம் ஆண்டின் அச்சகங்கள், புத்தகங்கள் பதிவுச் சட்டப்படி இது கட்டாயமாக இருந்தது. தலையங்கத்தில் எதை வேண்டுமானாலும் எழுதலாம், ஆனால் இந்த வரியில் பொய் போட்டால் வழக்கு. அதனாலேயே முழுப் பத்திரிகையிலும் அதிகம் நம்பக்கூடிய வரி இது.

இந்த வரியை ஒவ்வோர் இதழிலிருந்தும் எழுத்து மாறாமல் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். "மேலே கண்டபடி" என்று சுருக்காதீர்கள். அச்சகம் மாறும்போதும், வெளியிடுபவர் பெயர் மாறும்போதும், வாரம் ஒருமுறை என்பது மாதம் இருமுறை ஆகும்போதும் மாஜிஸ்திரேட் முன்னால் புதிதாக டிக்ளரேஷன், அதாவது பத்திரிகை பற்றிய உறுதிமொழி அறிக்கை, கொடுத்தாக வேண்டியிருந்தது. அந்த அலைச்சலை யாரும் சும்மா இழுத்துக்கொள்ள மாட்டார்கள். அச்சுக்கூலி பாக்கி, பங்காளிச் சண்டை, வாடகைத் தகராறு என்று ஏதோ ஒன்று பின்னால் இருக்கும். ஆசிரியர் பெயர் அப்படியே இருக்க, வெளியிடுபவர் பெயரில் திடீரென்று மனைவியோ மைத்துனரோ வந்தால் அந்தத் தேதியை வட்டமிட்டு வையுங்கள். பின்னால் ஆட்களைச் சந்திக்கும்போது கேட்பதற்கு உருப்படியான கேள்வி அதுதான்.

டிக்ளரேஷனின் மூலமே கிடைத்தால் இன்னும் நல்லது. பழைய சட்டத்தின் 6-ஆம் பிரிவு அதை யாரும் பார்வையிட 1 ரூபாய், நகல் வாங்க 2 ரூபாய் என்று கட்டணம்கூட எழுதி வைத்திருந்தது. இப்போது தகவல் அறியும் உரிமைச் சட்ட மனுவோடு போவதுதான் நடைமுறை. மனுவில் பத்திரிகையின் பெயர், வெளியிட்டவர் பெயர், உத்தேச வருஷங்கள் மூன்றும் இருக்கட்டும். "இந்தப் பத்திரிகை பற்றிய எல்லாத் தகவலும்" என்று கேட்டால் எதுவும் வராது.

வடசென்னைக்காரர்கள் சறுக்கும் இடம் ஒன்று இங்கே உண்டு. திருவொற்றியூரும் கத்திவாக்கமும் மணலியும் மாதவரமும் 2011-இல்தான் சென்னை மாநகராட்சிக்குள் வந்தன. மாவட்டக் கணக்கு இன்னும் தாமதம்: செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்து, 1997-இல் திருவள்ளூர் மாவட்டத்துக்குப் போய், 2018-இல்தான் சென்னை மாவட்டத்தில் சேர்ந்தன. ஆக 1980-களின் திருவொற்றியூர்ப் பத்திரிகைக்குச் சென்னை மாவட்ட ஆவணத்தில் தேடினால் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும். ஒரே தெருவுக்கு மூன்று மாவட்டத்து ஆவணம் இருக்கலாம். 1867-ஆம் ஆண்டுச் சட்டமே இப்போது இல்லை. 2023-இல் புதிய சட்டம் வந்து, 2024 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது.

அடிவரிக்குப் பக்கத்திலோ முதல் பக்கத் தலைப்பிலோ ஆர்.என்.ஐ. எண் இருக்கும். இந்த எண்ணைத் தந்த பத்திரிகைப் பதிவாளர் அலுவலகம் 1956 ஜூலையில் தொடங்கியது என்பதால் அதற்கு முந்தைய இதழில் இதைத் தேட வேண்டாம். பழைய வடிவத்தில் எண், சாய்கோடு, வருஷத்தின் கடைசி இரண்டு இலக்கம். பிந்தைய வடிவத்தில் மாநிலமும் மொழியும் சேர்ந்த 'டி.என்.டி.ஏ.எம்.', அப்புறம் நாலு இலக்க வருஷம், அப்புறம் எண். அந்த வருஷம் பதிவான வருஷம்தான், பத்திரிகை பிறந்த வருஷம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எண் கைக்கு வருவதற்கு முன்பே சில இதழ்கள் வந்திருக்கும்.

எல்லா வருஷமும் தேட முடியாது என்றால் மார்ச் மாத முதல் இதழ்களை மட்டுமாவது பிடியுங்கள். பிப்ரவரி முடிந்ததும் வரும் முதல் இதழில் 'படிவம் 4' என்ற உரிமை விவர அறிக்கையை வெளியிட வேண்டும் என்றது 1956-ஆம் ஆண்டு விதி. வெளியாகும் இடம், கால இடைவெளி, அச்சிடுபவர், வெளியிடுபவர், ஆசிரியர் ஆகியோரின் பெயர், முகவரி, உரிமையாளர்கள், மூலதனத்தில் நூற்றுக்கு ஒரு பங்குக்கு மேல் வைத்திருப்பவர்கள் என்று எல்லாம் ஒரே கட்டத்துக்குள் இருக்கும். உண்மையில் பணம் போட்டது யார் என்று முதல் தடவையாகத் தெரியவருவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான்.

மலரும் இதழும்

முதல் இதழ் கிடைக்காவிட்டாலும் அது வந்த நாளை ஏறக்குறையக் கணக்குப் போடலாம். ஒரு வாரப் பத்திரிகையில் 'மலர் 7, இதழ் 12, 10-11-1978 வெள்ளி' என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். மலர் 7 என்றால் ஆறு வருஷம் முடிந்திருக்கிறது. ஆறைக் கழித்தால் 10-11-1972. இதழ் 12 என்றால் பதினோரு வாரம் போயிருக்கிறது. 77 நாளைக் கழித்தால் 25-8-1972. அந்த நாளும் வெள்ளிக்கிழமையா என்று காலண்டரில் பாருங்கள். வெள்ளிதான், கணக்கு நிற்கிறது. கிழமை உதைத்தால் எண்ணிலோ தேதியிலோ அச்சுப்பிழை இருக்கிறது, அல்லது இடையில் வெளியாகும் நாளை மாற்றியிருக்கிறார்கள்.

இந்தக் கணக்கு கெட்டுப்போவதற்கு மூன்று காரணங்கள். பேப்பர் வாங்கக் காசில்லாமல் இரண்டு வாரம் விட்டிருப்பார்கள், ஆனால் இதழ் எண் தொடர்ச்சியாகவே போயிருக்கும். அப்போது உண்மையான பிறந்தநாள் கணக்கில் வருவதைவிட முந்தியது. பொங்கல் மலர், தீபாவளி மலர் என்று இரண்டு எண்ணை ஒரே இதழுக்குப் போட்டிருப்பார்கள். மூன்றாவதுதான் பொல்லாதது. பத்திரிகை நின்று, ஒரு வருஷத்துக்கு மேலாகி, வேறொருவர் கையில் மறுபடி வரும். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வெளிவராவிட்டால் அன்றைய சட்டப்படி பழைய டிக்ளரேஷன் செல்லாது என்பதால் அவர் புதிதாகத் தொடங்கி மலர் 1 என்று போட்டிருப்பார், அல்லது பழம்பெருமைக்காகப் பழைய மலர் எண்ணையே தொடர்ந்திருப்பார். அதனால் ஓர் இதழை மட்டும் வைத்துக் கணக்குப் போடாதீர்கள். ஒன்றுக்கொன்று தள்ளியிருக்கும் ஐந்து இதழ்களிலாவது போட்டுப் பாருங்கள். ஐந்தும் ஒரே மாதத்தைக் காட்டினால் எழுதலாம்.

தேதி கிழிந்த தாள்

பழைய பேப்பர் கடைக் கட்டில் கிடைக்கும் தாளில் மேல் ஓரம்தான் முதலில் போயிருக்கும். தேதி இல்லாத தாளுக்கு மேலெல்லையும் கீழெல்லையும் கட்டலாம். விலை அணாவில் இருந்தால் தசம நாணயம் வந்த 1957 ஏப்ரலுக்கு முந்தியது, அல்லது அதை ஒட்டியது. 'ந.பை.' (நயா பைசா) என்றால் 1957 முதல் 1964 வரை. முகவரியில் 'சென்னை-21' என்று மட்டும் இருந்து ஆறு இலக்கப் பின்கோடு இல்லையென்றால் 1972 ஆகஸ்டுக்கு முன்னதாக இருக்கலாம். ஆனால் பழக்கதோஷத்தில் பல வருஷம் கழித்தும் 'சென்னை-21' என்றே போட்டார்கள். மாறாக 600 021 என்று இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தியது என்பது உறுதி. இங்கே எல்லாத் தடயமும் இப்படித்தான்: புதியது இருந்தால் அது சாட்சி, பழையது இருந்தால் வெறும் சந்தேகம்.

எழுத்துருவுக்கும் அதே விதிதான். துதிக்கை வைத்த பழைய ணை, லை, ளை, னை, சுழித்த ணா, றா, னா ஆகியவற்றை மாற்றித் தமிழக அரசு ஆணையிட்டது 1978-இல். அதற்காகக் கேஸ் கேஸாகக் கிடந்த ஈய எழுத்தை யாரும் மறுநாளே உருக்கிவிடவில்லை. தேயும்வரை அதையே கோத்தார்கள். மறுபக்கம், பெரியார் 'குடி அரசு' இதழில் சீர்திருத்த எழுத்தை 1935-லேயே கொண்டுவந்துவிட்டார். ஆகவே திராவிடர் கழகச் சார்புள்ள பகுதிப் பத்திரிகையில் புது எழுத்து இருப்பதைப் பார்த்து 1978-க்குப் பிந்தியது என்று முடிவுகட்டினால் தவறிவிடும்.

சினிமா விளம்பரம் எல்லோருக்கும் பிடித்த தடயம். அகஸ்தியா, மகாராணி, பாரத், கிரவுன், முருகன் என்று தியேட்டர் பெயரும் படத்தின் பெயரும் இருக்கும். படம் வெளியான தேதியையே இதழின் தேதி என்று எழுதிவிடாதீர்கள். பழைய படங்களை மறுபடி மறுபடி ஓட்டிய ஊர் இது. படம் வெளிவந்த நாளுக்கு முன்னால் இந்தத் தாள் அச்சாகியிருக்க முடியாது என்று மட்டும்தான் விளம்பரம் சொல்கிறது. தேர்தல் செய்தி இருந்தால் இன்னும் இறுக்கமாகப் பிடிக்கலாம்: ஆர்.கே. நகர் தொகுதி 1977 தேர்தலிலிருந்து இருக்கிறது, திரு.வி.க. நகரும் கொளத்தூரும் 2011-இலிருந்து. தமிழ் ஆண்டுப் பெயர் அறுபது வருஷத்துக்கு ஒருமுறை திரும்பும். 'பிரபவ' என்று இருந்தால் 1927-ஆகவும் இருக்கலாம், 1987-ஆகவும் இருக்கலாம். விலையைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அச்சு முறையையும் குறித்துக்கொள்ளுங்கள். தாளின் பின்பக்கத்தை விரல் நுனியால் தடவினால் எழுத்தின் அழுத்தம் தட்டுப்படுகிறதா? அது ஈய எழுத்து. வழுவழுவென்று இருந்தால் ஆப்செட். ஈய எழுத்துக் காலத்தில் ஒரே 'கு' பல வாரம் வால் உடைந்தே வரும். அந்த உடைந்த எழுத்து அச்சகத்தின் கைரேகை மாதிரி, அடிவரி கிழிந்த தாளைக்கூட எந்த அச்சகத்தது என்று அடையாளம் காட்டிவிடும். படங்களை மட்டும் நம்ப வேண்டாம். துத்தநாக பிளாக் செய்யச் செலவாகும் என்பதால் ஒரு வட்டச் செயலாளரின் முகத்தை ஒருமுறை பிளாக் எடுத்துவிட்டு, அவர் தலை நரைத்த பிறகும் அதையே அச்சடித்திருப்பார்கள்.

எங்கே தேடுவது

எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்குப் பத்திரிகைகளை அனுப்ப வேண்டும் என்ற சட்டக் கடமை 1956-இல் வந்தது. சின்னப் பத்திரிகைக்காரர்கள் பலர் அஞ்சல் செலவை நினைத்து அனுப்பவில்லை. இருந்தாலும் பத்திரிகையின் பெயரைச் சொல்லி ஒருமுறை கேட்டுவிடுங்கள். தரமணியில் பழைய தமிழ் நூல்களையும் இதழ்களையும் சேர்த்து வைத்திருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. விடுதலைக்கு முந்தைய பத்திரிகை என்றால் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் சுதேசப் பத்திரிகைகள் பற்றிய அரசின் ரகசிய வாராந்தர அறிக்கைகள் உண்டு. இதழே அழிந்திருந்தாலும் அதில் வந்ததன் ஆங்கிலச் சுருக்கம் அங்கே கிடைக்கலாம். பின்னி ஆலைத் தொழிலாளர் போராட்டம் நடந்த 1921-ஐ ஒட்டிய காலத்துக்கு இது ரொம்பவே பயன்படும்.

ஆனால் பகுதிப் பத்திரிகை அதிகம் தங்கியிருப்பது நூலகத்தில் இல்லை. அதில் யார் பெயர் வந்ததோ அவர் வீட்டில்தான் இருக்கும். குத்துச்சண்டை, கேரம், கால்பந்து கிளப்புகளின் சுவரில் கட்டிங்கைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பார்கள். கண்ணீர் அஞ்சலி விளம்பரம் கொடுத்த குடும்பத்தில் அந்த இதழ் முழுசாக, சாமி அலமாரிக்குள் இருக்கும். அம்பேத்கர் மன்றம், கட்சிப் படிப்பகம், மீனவர் சங்கம், சர்ச் அலுவலகம், ஓய்வுபெற்ற ரயில்வே தொழிற்சங்கக்காரர்களின் டிரங்குப் பெட்டி எல்லாவற்றையும் கேட்டுப் பாருங்கள். கட்டிங் கொடுப்பவர் தேதியை வெட்டிவிட்டுத்தான் ஒட்டியிருப்பார். சட்டத்தைக் கழற்றிப் பின்பக்கத்தையும் படமெடுத்தால், அதில் இருக்கும் அரைகுறை விளம்பரமே தேதியைச் சொல்லிவிடும்.

தெருப் பெயரில் கவனம் வேண்டும். பிராட்வே பிரகாசம் சாலையானது, பல தெருப் பெயர்களின் சாதி வால் வெட்டப்பட்டது, கதவு எண் 'பழைய எண், புதிய எண்' என்று இரண்டானது. அடிவரியில் இருக்கும் எண்ணை அப்படியே பிடித்துக்கொண்டு போனால் வேறு வீட்டுக் கதவைத்தான் தட்டுவீர்கள்.

தாளைக் கையாளுவதும் படமெடுப்பதும்

பத்திரிகைத் தாள் மரக்கூழ். அமிலம் அதற்குள்ளேயே இருக்கிறது, வெளிச்சமும் ஈரமும் அதைக் கிளறிவிடும். ராயபுரம், காசிமேடு பக்கம் உப்புக்காற்று வேறு. பின் அடித்த இதழில் கம்பி துருப்பிடித்து, சுற்றிலும் பழுப்பு வளையம் விழுந்திருக்கும். அந்தப் பின்னை இழுக்காதீர்கள். பின்பக்கத்துக் கால்களை மெல்லிய கத்தியால் நிமிர்த்தி, முன்பக்கமாக எடுங்கள். எச்சில் தொட்டுத் திருப்புவது, செல்லோடேப், லேமினேஷன் மூன்றும் வேண்டாம். செல்லோடேப்பின் பசை சில வருஷத்தில் பழுத்து எழுத்தையே தின்றுவிடும். லேமினேஷன் செய்ததைத் திரும்பப் பிரிக்க முடியாது.

பைண்டு செய்த தொகுதியில் மைதாப் பசை இருக்கும், அதற்காகவே வெள்ளிமீன் பூச்சி வரும். விவரமான பைண்டர்கள் பசையில் மயில்துத்தம் கலப்பது இதற்காகத்தான். தொகுதியை 180 டிகிரிக்கு மல்லாத்தினால் முதுகு உடையும். இரண்டு பக்கமும் தலையணை கொடுத்துப் பாதியளவு மட்டும் திறங்கள். மழையில் நனைந்த கட்டு வந்தால் இரண்டு நாளைக்குள் பூஞ்சணம் பிடித்துவிடும். வெயிலில் போடாமல், இடையிடையே அச்சடிக்காத வெற்றுத் தாளைச் செருகி, ஃபேனுக்கு அடியில் வைத்து, செருகிய தாளை மூன்று மணிக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஒட்டிப்போன பக்கங்களை ஈரத்தோடு பிரிக்க முயன்றால் இரண்டும் போகும்.

பழைய நாலு பக்க இதழ் பெரும்பாலும் ஒரு டெம்மி தாளை ஒருமுறை மடித்தது, அதாவது பக்கம் ஏறக்குறைய 11½ அங்குலம் அகலம், 17½ அங்குலம் உயரம். ஏ-3 ஸ்கேனரின் நீளம் 16½ அங்குலம்தான். அதில் வைத்தால் அடிவரி வெளியே போய்விடும், எதற்காக இவ்வளவு பாடுபடுகிறோமோ அந்த வரியே போய்விடும். ஜெராக்ஸ் கடையில் ஸ்கேன் செய்யக் கொடுத்தால் முதலில் இதைப் பாருங்கள்.

போனில் எடுப்பதே பலருக்கு வசதி. 12 மெகாபிக்சல் படத்தில் நீளவாக்கில் 4000 புள்ளி. முழுப் பக்கத்தையும் ஒரே படத்தில் எடுத்தால் அங்குலத்துக்கு 220 புள்ளிதான் கிடைக்கும். தலைப்பு தெரியும், வரி விளம்பரம் கரைந்துவிடும். பக்கத்தை மேல்பாதி, கீழ்பாதி என்று இரண்டு படமாக, நடுவில் ஓர் அங்குலம் இரண்டிலும் வரும்படி எடுங்கள். 300-க்கு மேல் கிடைக்கும், படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் ஓ.சி.ஆர். மென்பொருளுக்கும் அது போதும். தாளுக்கு அடியில் கறுப்புச் சார்ட் பேப்பர் வையுங்கள். இல்லாவிட்டால் மெல்லிய தாளில் பின்பக்க எழுத்து முன்னால் வந்து கலங்கும். ஃபிளாஷ் வேண்டாம், நிழல் விழாத வராந்தாவில் காலை வெளிச்சம் நல்லது. பக்கத்தின் ஓரத்தில் ஒரு ஸ்கேலையும் சேர்த்து எடுத்தால் அளவு பிறகு சண்டைக்கு வராது.

ஸ்கேனர் இருந்தால் 300 டி.பி.ஐ., வண்ணம், டிஃப் கோப்பு. ஒரு பக்கம் ஏறக்குறைய 54 எம்.பி. வரும். வாரத்துக்கு நாலு பக்கம் என்றால் வருஷத்துக்கு 208 பக்கம், 11 ஜி.பி. சொச்சம். பத்து வருஷத் தொகுதி 128 ஜி.பி. பென்டிரைவில் அடங்கிவிடும், ஆனால் ஒரே பென்டிரைவை நம்பி இருக்க வேண்டாம். கோப்புப் பெயரில் வருஷத்தை முதலில் போடுங்கள்: 1978-11-10-ம07-இ12-ப4. தேதியை முன்னால் வைத்து 10-11-1978 என்று போட்டால் எல்லா வருஷத்துப் பத்தாம் தேதியும் ஒன்றாகக் குவியும். பழைய எழுத்துருவில் ஓ.சி.ஆர். 'றா', 'னை' எல்லாவற்றிலும் தடுக்கும். பெயர்களையும் எண்களையும் கண்ணால் சரிபார்க்காமல் எடுத்தாளக் கூடாது.

ஆட்களிடம் பேசுவது

ஆசிரியரைவிட, ஈய எழுத்தைக் கோத்த கம்போசிட்டரும் விளம்பரம் வசூலித்தவரும் கட்டு தூக்கிப் போட்ட பையனும் அதிகம் சொல்வார்கள். அவர்களிடம் வருஷம் கேட்டால் வாய்க்கு வந்ததைச் சொல்வார்கள், குற்றம் அவர்களுடையதல்ல. இதழையே கையில் கொடுத்துவிட்டு, பொருளைப் பற்றிக் கேளுங்கள். "மெஷின் எந்தப் பக்கமா நின்னுது நைனா? ட்ரெடிலா, சிலிண்டரா? நைட்டு கரண்டு போனா என்ன பண்ணுவீங்க?" கை அசைவோடு பதில் வரும், கூடவே வருஷமும் தானாக வரும்: "எம்.ஜி.ஆர். செத்த வாரம் மிதிச்சே ஓட்டினோம்." அதை 1987 டிசம்பர் என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம். ஒரே சம்பவத்தை இரண்டு பேர் வேறு மாதிரி சொன்னால் இரண்டையும் எழுதுங்கள். யார் சொன்னது, எந்த நாளில் சொன்னது என்பதோடு.

விற்பனை எண்ணிக்கை பற்றி மட்டும் யார் சொல்வதையும் அப்படியே எடுக்க வேண்டாம். விளம்பரம் பிடிக்கும்போது சொன்ன எண் நினைவிலும் அதே எண்ணாக உறைந்திருக்கும். பேப்பர் பில் கிடைக்கிறதா என்று பாருங்கள். டெம்மி தாள் ஒன்றுக்கு ஒரு பிரதி. ஒரு ரீம் 500 தாள், பழைய கணக்கில் 480. வாரத்துக்கு நாலு ரீம் வாங்கியிருந்தால் 2000 பிரதிக்கு மேல் அச்சடித்திருக்கவே முடியாது, ஓட்டத் தொடக்கத்தில் வீணாவதையும் கழித்தால் இன்னும் குறைவு. பத்தாயிரம் பிரதி என்று தலைப்பில் போட்டிருந்தால் இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிடுங்கள், விமரிசனம் தேவையில்லை.

எழுதுவதும் ஒப்படைப்பதும்

கிடைத்த இதழ்களின் பட்டியலை முதலில் முடியுங்கள்: தேதி, கிழமை, மலர், இதழ், பக்கம், விலை, அச்சகம், வெளியிடுபவர், ஆசிரியர், தாள் யாரிடம் இருக்கிறது. கிடைக்காத வாரங்களுக்கும் காலி வரி விடுங்கள். 1975 ஜூனிலிருந்து 1977 மார்ச் வரை வரிசையாகக் காலி விழுந்தால் நெருக்கடிநிலைத் தணிக்கையை உடனே காரணம் காட்டத் தோன்றும். தாள் தொலைந்ததா, பத்திரிகை நின்றதா என்பதை இதழ் எண் தொடர்கிறதா என்று பார்த்த பிறகு சொல்லுங்கள்.

பழைய போலீஸ் செய்திகளை எடுத்துப் போடும்போது நிறுத்தி யோசியுங்கள். அன்றைக்குக் கைதானவர் பிறகு விடுதலையாகியிருக்கலாம், பேரப்பிள்ளைகள் அதே தெருவில் இருக்கலாம். பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் பெயரை அன்றைய பத்திரிகை போட்டிருந்தாலும் இன்று போடுவது குற்றம். பெயர் போடாத கட்டுரைகளுக்குக் காப்புரிமை, வெளியான வருஷத்துக்கு அடுத்த வருஷத் தொடக்கத்திலிருந்து 60 வருஷம். அதற்கு உட்பட்டதை முழுசாக மறுபதிப்பு செய்ய உரிமையாளர் குடும்பத்திடம் ஒரு வரியாவது எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

முடிந்ததும் கோப்புகளை மூன்று இடத்தில் வையுங்கள், அதில் ஒன்று கடலிலிருந்து தள்ளி இருக்கட்டும். வாங்கிய தாளை வாங்கியவரிடமே, அமிலமில்லாத அட்டைக்குள் மடிக்காமல் வைத்து, பரணில் இல்லாமல் உள்சுவர் பக்கத்து அலமாரியில், தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் வைக்கச் சொல்லித் திருப்பிக் கொடுங்கள். அட்டையின் மேல் பென்சிலில் தேதியும் மலரும் இதழும் எழுதுங்கள். பேனா மை ஈரத்தில் இறங்கும்.